காற்றுப் போகாத பெட்டி

வீரையாவுக்கு இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையளவு இடம் விடியவே எரியத் தொடங்கிவிடும். லொறிப் பற்றரிகளைத் தரையிலிருந்து மேசைக்குத் தூக்கியே காலம் போனவனுக்கு அது புதிதில்லை. குனிந்தால் ஒரு நோ, நிமிர்ந்தால் இன்னொரு நோ. ஆனால் இந்த இரண்டு கிழமையாக அவன் பெரிதாக எதையும் தூக்கவில்லை. பட்டறையைத் திறந்து, கதிரையைப் போட்டு, சும்மா இருந்தான். இருந்தும் எரிந்தது.

பட்டறை என்றால் கிளிநொச்சிப் பாரதிபுரத்தில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டில். டிராக்டர், லொறி, வான் எல்லாவற்றின் பற்றரியும் சார்ஜ் ஏற்ற அங்கே வரும். கொட்டிலுக்கு முன்சுவர் இல்லை. காசில்லாமல் விட்ட சுவர் என்றுதான் ஊர் நினைத்தது. வீரையா வேண்டுமென்றே கட்டாமல் விட்டது அது. அசிட் ஊற்றின பற்றரி சார்ஜ் ஏறும்போது மூச்சு விடும். அந்த மூச்சில் நெருப்புப் பட்டால் வெடிக்கும். காற்று அடித்துக்கொண்டு போக வழி வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் வீரையாவின் வாயிலிருந்து வருவதைக் கேட்கக் காது கூசும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் சாரங்காவின் கடைக்கு அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தான்.

பரந்தன் சந்திக்குக் கிட்ட இருந்தது அவளுடைய கடை. போட்டோக்கொப்பி எடுப்பாள், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பாள், கணினியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாள். கணவன் தர்சன் கட்டாரில் வேலை. கடைக்கு முதல் போட்டது அவன். கடையை நடக்க வைத்தது அவள். மழை தொடங்கும் காலத்தில் பின்னேரம் பின்னேரம் இடி வரும். இடி வந்தால் கரண்ட் போகும். வயரில் மரம் விழுந்தால் அடுத்த நாள் வரைக்கும் வராது. கணினிக்குப் பூட்டியிருந்த யூபிஎஸ்ஸுக்குள் ஒரு சின்னப் பற்றரிதான் இருந்தது. செய்ததைச் சேமித்து, கணினியை நிற்பாட்டத்தான் அது காணும். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசி நாளன்று பாதியில் எல்லாம் அணைந்துபோக, விசுவமடுவிலிருந்து வந்த ஒரு பெட்டை கடைக்குள்ளே இருந்து விக்கி விக்கி அழுதாள். அதற்குப் பிறகுதான் சாரங்கா வீரையாவைக் கூப்பிட்டாள்.

"வீரையாண்ணை, பின்னேரம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிற மாதிரி உந்த யூபிஎஸ்ஸை ஏதும் செய்யேலாதோ?"

"ஏன் ஏலாது? உதுக்கு வயிறு சின்னன் தங்கச்சி. வெளியில பெரிய வயிறொண்டு வைச்சு விட்டால் சரி."

"வெளியில வயிறு வைச்ச ஆளை நான் இன்னும் காணேல்லை."

"பேங்க் மனேச்சரைப் பாக்கேல்லையோ?"

அவள் சிரித்தாள். அவன் யூபிஎஸ்ஸைக் கழற்றி, சின்னப் பற்றரியை எடுத்துவிட்டு, தடித்த வயரை வெளியே இழுத்து ஒரு லொறிப் பற்றரியில் பூட்டினான். யூபிஎஸ்ஸின் சொந்தச் சார்ஜர் அவ்வளவு பெரிய பற்றரியை நிறைக்கக் காணாது. கரண்டியால் கிணற்றை நிறைக்கிற கதை. ஆகவே பட்டறையில் கிடந்த பழைய சார்ஜர் ஒன்றையும் கொண்டுவந்து சேர்த்தான். பற்றரி நிறைந்ததும் தானாக நிற்கிற சார்ஜர் இல்லை அது. ஆள் பார்த்து நிற்பாட்ட வேண்டும். பார்க்காவிட்டால் பற்றரி கொதித்துக்கொண்டே இருக்கும், மூச்சை விட்டுக்கொண்டே இருக்கும்.

கடைக்குள் ஆட்கள் வந்து போகிற இடம் என்பதால் பற்றரிக்குப் பிளைவூட்டில் ஒரு பெட்டி அடித்தான். மூடியோடு, பக்கத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, சரியாகத்தான் அடித்தான். அந்த மாதம் நான்கு பின்னேரம் கரண்ட் போனது. சந்தியே இருண்டு கிடக்க, சாரங்காவின் கடையில் மட்டும் கணினி ஓடியது. அவள் ஒவ்வொரு தரமும் போன் எடுத்து, "அண்ணை, வயிறு நிறைஞ்சு கிடக்கு" என்று சொன்னாள்.

பிறகு எலி வந்தது. ஓட்டைக்குள்ளால் போய் வயரைக் கடித்துவிட்டது. அசிட் மணக்கிறது என்று ஆட்கள் மூக்கைப் பொத்துவதாகவும் சொன்னாள்.

"அந்த ஓட்டையளை அடைச்சு விடுங்கோவன் அண்ணை."

வீரையா சிலிக்கன் பசைக் குழாயைக் கையில் எடுத்தான். கை ஒருதரம் நின்றது. ஓட்டைக்குக் கம்பிவலை அடித்தால் எலியும் போகாது, காற்றும் போகும். வலை பட்டறையில் கிடந்தது. மோட்டார் சைக்கிளில் போய் எடுத்துவர வேண்டும். வெளியில் வெயில், இடுப்பில் நோ, எழும்பிப் போகப் பஞ்சி. அவன் எல்லா ஓட்டையையும் சிலிக்கனால் அடைத்தான். மூடிக்கு ரப்பர் பட்டியும் ஒட்டினான். வேலை பார்க்க வடிவாக இருந்தது.

"இரவில சார்ஜரை நிப்பாட்ட வேணுமோ?"

"தேவையில்லை. அது தன்ர பாட்டில கிடக்கட்டும்."

அதையும் அவன்தான் சொன்னான்.

சரஸ்வதி பூசை வந்தது. தொழில் செய்கிற சாமானுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற நாள். சாரங்கா காலையில் போன் எடுத்தாள்.

"பூசைக்கு வாறியளோ அண்ணை? அவல், கடலை எல்லாம் கிடக்கு."

"இஞ்ச எனக்கும் பூசை. நீங்கள் அந்தப் பற்றரிக்கும் ஒரு பொட்டு வைச்சு விடுங்கோ. கடையில கூடுதலா உழைக்கிறது அதுதான்."

"ஓமோம். சம்பளம் கேக்காத ஆள்."

கொட்டிலில் அவனும் தன் பற்றரிகளுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினான். ஒவ்வொரு வருசமும் காட்டுகிறான். சுவரில்லாத இடம், ஒன்றும் நடக்காது. அவள் கடையில் கணினிக்கு வைத்தாள், போட்டோக்கொப்பி மெஷினுக்கு வைத்தாள், கத்தரிக்கோலுக்கும் வைத்தாள். பிறகு பெட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து, பற்றரிக்குச் சந்தனம் வைத்தாள். கற்பூரத் தட்டைக் கிட்டக் கொண்டுபோனாள்.

சத்தம் சந்தி முழுக்கக் கேட்டதாம். பற்றரியின் மேல்பக்கம் பிளந்து அசிட் அவள் முகத்தில் அடித்தது. பக்கத்துக் கடைக்காரன் சோடாப் போத்தல் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தண்ணீர்க் கானை எடுத்துவந்து ஊற்றியிருக்கிறான். கன்னம் ஆறிவிடும். வலது கண்ணுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் இனித் தெரியும் என்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

அவள் அங்கே கிடந்தபோது வீரையா ஒருநாள் போனான். கட்டிலுக்குக் கிட்டப் போகவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு, கொண்டுபோன தோடம்பழத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆட்கள் நின்றார்கள், அவள் நோவில் கிடந்தாள் என்று தனக்குத்தானே காரணம் வைத்துக்கொண்டான்.

அவன் சொல்லாமல் விட்ட இடத்துக்கு வேறு கதை வந்து உட்கார்ந்தது.

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு அவன் மனைவி சிவலட்சுமி சொன்னாள். அவள் மலைநாட்டில் பிறந்து, சின்ன வயதில் கிளிநொச்சிக்கு வந்தவள். வீட்டுக்குள் அந்தப் பேச்சுத்தான் வரும்.

"ஏங்க, அந்தப் பரந்தன் புள்ளைக்கு அன்னிக்குத் தீட்டு நேரமாம். தெரியுமா?"

"ஆர் சொன்னது?"

"அவ மாமியாதான் சொல்லுது. ஆஸ்பத்திரியில உடுப்பு மாத்தையில பாத்துச்சாம். தீட்டோட சாமிக்குக் கற்பூரம் காட்டினா கண்ணு போவாம என்ன செய்யும்னு சந்தையில எல்லாரும் பேசுறாங்க."

வீரையா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அது நீங்க செஞ்ச பெட்டிதானே?" என்றாள் அவள்.

"ஓம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழம்புச் சட்டியை மூடிவிட்டுக் குசினிக்குள் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நல்லது என்று அவனுக்கு இருந்தது.

அவனுக்குப் பயம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அவனுடைய தகப்பன், சாரங்காவின் மாமனார் காணியில் கூலிக்கு வரம்பு கட்டியவர். அந்தக் குடும்பத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடு வாய்க்கால் கரையில் காணி எடுத்தவர்கள். அங்கே போய் வீரையா பிழை விட்டான் என்றால் பிழை வீரையாவோடு நிற்காது. தோட்டக்காட்டாரிடம் கொடுத்தால் உப்பிடித்தான் என்பார்கள். பாரதிபுரத்திலிருந்து வேலைக்குப் போகிற எல்லாருடைய தலையிலும் அது விழும். இந்த நியாயத்தை அவன் பலமுறை தனக்குச் சொல்லிப் பார்த்தான். நியாயம் சரியாகத்தான் இருந்தது. சோறு மட்டும் இறங்கவில்லை.

ஆனால் ஒரு வேலையை அவன் செய்தான். அதே மாதிரி ஓட்டையில்லாத பெட்டி வேறு கடைகளிலும் அவன் அடித்துக் கொடுத்தவை இருந்தன. ட்றில் மெஷினையும் கம்பிவலையையும் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனான். புளியங்குளத்தில் சின்னராசாவின் ஸ்ரூடியோவுக்குப் போனபோது சின்னராசா கலியாண அல்பம் ஒன்றுக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வீரையா, கூப்பிடாமலே வந்து நிக்கிறாய்?"

"பெட்டியைத் திறக்காதேங்கோ. முதல்ல சார்ஜரை நிப்பாட்டுவம். நெருப்பு ஒண்டும் இல்லைத்தானே?"

"நெருப்பு என்ர மனிசியிட்டத்தான் கிடக்கு. வீட்டில."

கதவு யன்னல் எல்லாம் திறந்துவிட்டு, மூடியைக் கழற்றி வெளியில் கொண்டுபோய் வைத்து, ஓட்டை போடத் தொடங்கினான். சின்னராசா பசைக் கையோடு எழும்பி வந்தார்.

"பெட்டிக்குக் காது குத்துறியோ? தோடும் போட்டு விடன்."

"சூட்டுக்கு அண்ணை. சூடு போறதுக்கு."

"ஓ, அந்தப் பரந்தன் பெட்டையின்ர கதை கேள்விப்பட்டனீதானே? தீட்டோட போய் சரஸ்வதிக்குக் கற்பூரம் காட்டினதாம். இஞ்ச அந்தப் பயம் இல்லை. இஞ்ச முழுக்க ஆம்பிளையள்."

சின்னராசா சிரித்தார். வீரையாவும் சிரித்தான். ட்றில் மெஷின் சத்தத்தில் அவன் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் பல் தெரியச் சிரித்தான், அது அவனுக்குத் தெரியும். திரும்பி வரும்போது கனகராயன்குளம் தாண்டி மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி, ரோட்டோரம் குந்தி, சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தான். எல்லாப் பெட்டிக்கும் ஓட்டை போட்டாயிற்று. இனி யாருக்கும் ஒன்றும் நடக்காது. நடந்துபோனதுக்கு மட்டும் சூடு என்று பெயர் வைத்தாயிற்று.

அந்தக் கிழமையில்தான் சாரங்காவின் மாமியார் கமலாசனி ஆள் அனுப்பினாள். வீரையா போனபோது அவள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கதிரை எடுத்துப் போடச் சொன்னாள்.

"வீரையா, கடையை இனிப் பிரதாபன் பாக்கட்டும் எண்டு முடிவெடுத்திருக்கிறம். தர்சனும் அதுதான் சரியாம். நீ பழையபடி அந்தப் பற்றரியைப் பூட்டி விடு."

பிரதாபன் தர்சனின் தம்பி. வேலை வெட்டி இல்லாமல் சந்தியில் நிற்கிறவன்.

"தங்கச்சி நடத்தேலாதோ அம்மா?"

"அவாவை இனி அந்தக் கடைவாசலில வைக்கேலாது. செய்யக்கூடாததைச் செய்துபோட்டா. கடையிலயும் அந்தத் தோசம் கிடக்கு. ஐயரைக் கூப்பிட்டுக் கழிச்சுப்போட்டுத்தான் பிரதாபன் திறக்கவேணும்."

சாரங்கா உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். வலது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கன்னத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கோப்பையைப் பிடிக்க வீரையா கை நீட்டினான். அவள் கோப்பையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அவளுக்குத் தூரம் இன்னும் சரியாகத் தெரியவில்லை. தேத்தண்ணி அவன் விரலில் சிந்தியது.

கமலாசனி சொன்னாள்: "இவா சொல்லுறா, தீட்டால இல்லையாம். காஸ் எண்டுறா, அது எண்டுறா. போனில பாத்தவவாம். நீ தொழில்காரன். உன்ர வாயால சொல்லு பாப்பம். பற்றரி சும்மா கிடந்து வெடிக்குமோ?"

சாரங்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு அவன் சொல்லப்போகும் மறுமொழியில் அவளுடைய கடை இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பற்றரி எண்டால் அம்மா," என்றான் வீரையா, "சில நேரம் வெடிக்கும்தான்."

"சில நேரம் எண்டால்? எத்தினை கடைக்குப் பூட்டினனீ? அங்க ஒண்டும் வெடிக்கேல்லையே."

"இல்லை."

"அப்ப இஞ்ச மட்டும் ஏன்?"

பெட்டியை நான் அடைச்சுப்போட்டன். சார்ஜரை விடிய விடிய விடச் சொன்னதும் நான். பொட்டு வைக்கச் சொன்னதும் நான். எல்லாம் நாக்கின் கீழே வந்து நின்றது. கமலாசனியின் கை நெல்லில் இருந்தது. அதே முற்றத்தில் தகப்பன் கூலி வாங்க நின்ற இடம் அவனுக்குத் தெரியும்.

"நேரம் சரியில்லாட்டி," என்றான், "எதுவும் நடக்கும்தானே அம்மா."

"பாத்தியோ பிள்ளை," என்றாள் கமலாசனி, சத்தம் உயர்த்தாமல். "தொழில்காரனே சொல்லுறான்."

சாரங்கா அவன் குடிக்காத கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலைக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. படலை பூட்டுகிற சாட்டில் அவள் வந்திருந்தாள்.

"சின்னராசா அண்ணையின்ர பெட்டிக்கு ஓட்டை போட்டனீங்களாம்."

வீரையா ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போட்டோப் பேப்பர் வாங்கிறதுக்கு நான் அவரோட கதைக்கிறனான். சூட்டுக்கு எண்டு சொன்னியளாம். நான் போனில வாசிச்சனான் அண்ணை. பெட்டிக்குக் காத்து வேணுமாம். நிறைஞ்ச பிறகு சார்ஜர் நிக்க வேணுமாம்."

"தங்கச்சி..."

"அடைக்கச் சொன்னது நான்தான். எனக்குத் தெரியாது, கேட்டன். உங்களுக்குத் தெரியும்."

"ஓம்," என்றான் அவன். "தெரியும். வலை எடுத்து வரப் பஞ்சிப்பட்டு அடைச்சனான்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லைப் போலிருந்தது. படலைக் கம்பியைச் சுற்றிய கை நின்றது.

"எனக்குச் சொல்லி என்ன செய்ய? கண்ணை நான் உங்களிட்டக் கேக்கேல்லை. பொலிசுக்கும் போகேல்லை. ராவில நானே யோசிக்கிறன், மெய்யாத் தீட்டோட செய்ததாலதானோ எண்டு. வாசிச்ச பிறகும் யோசிக்கிறன். என்னைப் பாருங்கோ." அவள் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "உந்தக் கதையை நீங்கள் மாமிக்கு முன்னால சொல்ல வேணும். நான் சொன்னால் வாய் காட்டுறன் எண்டுவா. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இவர் போனில வருவார். எல்லாரும் இருப்பினம். அப்ப வாங்கோ."

"வாறன்."

"சும்மா வாறன் எண்டாதேங்கோ."

"வாறன் தங்கச்சி."

ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்து, வெளுத்த சேட்டுப் போட்டு வெளிக்கிட்டான். சிவலட்சுமி எங்கே என்று கேட்கவில்லை. சேட்டுக் கொலரை மட்டும் இழுத்துச் சரியாக்கி விட்டாள். வாய்க்கால் ரோட்டில் திரும்பினபோது ஒரு டிராக்டர் வரம்போடு நின்றது. விதைக்கிற நேரத்தில் ஸ்ரார்ட் வரவில்லை என்று டிராக்டர்க்காரன் கை காட்டி மறித்தான். வீரையா இறங்கினான். பற்றரித் தலையில் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சுரண்டிப் பூட்டினால் முடிகிற வேலை. வீரையா சுரண்டினான். பிறகு வயரையும் பார்ப்போம் என்றான். பிறகு டைனமோவையும் கழற்றினான். டிராக்டர்க்காரன், "அது வேலை செய்யுது அண்ணை, அதை ஏன் கழட்டுறியள்?" என்று கேட்டான். "கழட்டினால்தான் தெரியும்," என்றான் வீரையா. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடிக்க வெயில் இறங்கிவிட்டது. சேட்டெல்லாம் கிறீஸ். இந்தக் கோலத்தில் அந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று டிராக்டர்க்காரனுக்கே சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பினான்.

சாரங்கா இரண்டு தரம் போன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் அவள் கூப்பிடவில்லை.

அடுத்த கிழமை ஐயர் வந்து தோசம் கழித்தார். பிரதாபன் கடையைத் திறந்தான். பற்றரி பூட்ட வரச்சொல்லிக் கமலாசனி மறுபடி ஆள் அனுப்பினாள். வீரையா போய், ஓட்டையும் வலையும் உள்ள பெட்டியாக அடித்து, தானாக நிற்கிற சார்ஜராகப் பூட்டிக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். கமலாசனி அவனை நல்ல மனிசன் என்றாள்.

வீரையா சாரங்காவுக்கு ஒரு வசனம் கடன். கமலாசனிக்கு முன்னால் நின்று சொல்லவேண்டிய வசனம்: தீட்டு இல்லை அம்மா, பெட்டியை அடைச்சது நான். அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.